படி விடுபட்ட ஏணி

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்பது சாலைகள் கூடிப் பிரியும் இடம். பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒற்றைக் கடை என்றுதான் பொருள் வரும். இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி வருகிறவர்களும், மலையின் உட்கிராமங்களுக்குப் போகிறவர்களும் அந்த வட்டாரத்தைத் தொடாமல் போவது அரிது. சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்கு ஏரியும் பூங்காவும் தெரியும். ஊரை நிதானமாகப் பார்க்கிறவனுக்கு இரண்டு வகையான பள்ளிச் சீருடைகள் தெரியும். ஒன்று, 1917இல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளின் சீருடை. வெளியூர்களிலிருந்து, வெளிமாநிலங்களிலிருந்துகூட, பிள்ளைகள் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். மற்றது, அரசுப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் படிக்கும் சேர்வராயன் மலைப் பிள்ளைகளின் சீருடை. முதல் வகைப் பிள்ளைகள் பள்ளி முடித்து எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையில்லை. இரண்டாம் வகைப் பிள்ளைகளைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. காரணம் வேறு.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடையை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பேசலாம் என்றிருக்கிறேன். மலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை மருத்துவத் துறையில் ஒரு வேலைக்குப் போய்ச் சேர்வதற்கு வழி இருக்கிறதா, இருந்தால் அது எங்கே அறுந்து கிடக்கிறது என்பதே கேள்வி. இலக்கிய வாசகர்களுக்கு இது சற்று வறண்ட பொருளாகத் தோன்றலாம். எவருடைய பிள்ளை எந்த வேலைக்குப் போகிறது என்பது நம் நாவல்களின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் கேள்விதான் என்பதால் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்றே அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, கொல்லி, பச்சை மலைகளில் பரவியிருக்கும் இவர்கள் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையால் முதலிடத்தில் இருப்பவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்தப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அதில் மலையாளிகள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. ஆக, கண்ணில் படாத சிறு கூட்டத்தைப் பற்றி நாம் பேசவில்லை.

1820களில் சேலத்துக் கலெக்டராக வந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் மலைவாசிக்குத் தெரிந்த வெளிவேலை எஸ்டேட் கூலிதான். இப்போது அதோடு திருப்பூர் பனியன் கம்பெனியும், நூற்பாலையும், கட்டட வேலையும் சேர்ந்திருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளையும் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே வந்து விழுகிறது. வெளிவேலை தேடிப்போன மலைமக்களுக்கு நேர்ந்த ஆகக் கொடுமையான கதி 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் வெளிப்பட்டது. ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிக்கு அன்று பலியான இருபது பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைகளின் மலையாளிப் பழங்குடியினர். கூலிக்கு மரம் வெட்டப் போனார்கள் என்பதற்குமேல் அவர்களின் வாழ்க்கையைப் பற்றி நம் செய்தித்தாள்கள் அதிகம் சொல்லவில்லை. மலையில் வேறு வேலை இருந்திருந்தால் என்ற கேள்வியை அன்று எழுப்பியவர்களும் சில நாட்களில் மறந்துபோனார்கள்.

வேறு வேலை உண்மையில் இருக்கிறது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று. சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலையில் இருபதாயிரம் பேருக்கு ஒன்று. இது நம் நாட்டின் சுகாதாரத் திட்டமிடலில் நெடுங்காலமாக உள்ள அளவுகோல். ஆக, மலையில் மக்கள் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் பணியிடங்கள் கூடுதலாகவே இருக்க வேண்டும். அந்த இடங்களுக்குச் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வந்த நாளிலிருந்தே இடமாறுதலுக்கு மனுப் போடுகிறார்கள் என்பது எல்லா மலைகளிலும் கேட்கும் குறை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். குழந்தையின் படிப்பு, கணவரின் வேலை, மாலை மங்கியபின் பேருந்து இல்லாத கிராமம் என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. ஒரு பக்கம் வேலையில்லாத பிள்ளைகள், மறுபக்கம் ஆள் தங்காத வேலைகள். இரண்டும் ஒரே மலையில், நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துவைக்க நம்மால் ஏன் முடியவில்லை?

முதல் காரணம், நம்முடைய விவாதம் முழுவதும் மருத்துவர் என்ற ஒற்றைச் சொல்லில் சிக்கிக்கொண்டது. 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததும், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டத்து அனிதா உயிரை மாய்த்துக்கொண்டதும் நம்மை உலுக்கின. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் இருந்த எண்ணிக்கை, மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து நானூறை ஒட்டி உயர்ந்தது. இதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் பழங்குடியினருக்கு இந்த மாநிலத்தில் உள்ள இட ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. அந்த ஒன்றில் ஏற்காட்டு மலைப்பள்ளிக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று கணக்கிட்டால் விரல்கள் மிஞ்சும்.

ஒரு மருத்துவர் தனியாக நின்று மருத்துவம் செய்வதில்லை. அவரைச் சுற்றிச் செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், மருந்தாளுநர், ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், அறுவை அரங்கில் உதவுகிறவர், டயாலிசிஸ் எந்திரத்தை இயக்குபவர், 108 வண்டியில் ஓடிவரும் அவசர மருத்துவ உதவியாளர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மருத்துவப் பணியாளர் சட்டம், செவிலியரையும் மருந்தாளுநரையும் சேர்க்காமலேயே, ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அட்டவணையிட்டிருக்கிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் இரண்டு பெயர் சொல்லும்: டாக்டர், நர்ஸ். மீதி ஐம்பதும் அதன் கண்ணுக்குத் தெரியாதவை. தெரியாத வேலைக்கு யாரும் ஆசைப்பட முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. மருத்துவத் துறையின் வாசல் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காத பிள்ளை நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வயது பதினைந்து. படித்தவர் வீட்டில் அந்த நேரத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ வந்து உட்கார்ந்து, இந்தக் குரூப் எடுத்தால் இன்னின்ன படிப்புக்குப் போகலாம் என்று சொல்கிறார். மலைவீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு நடக்கிறது என்பதும், விடுதியில் இடம் உண்டா என்பதும் சேர்ந்து தீர்மானித்துவிடுகின்றன. பள்ளியில் உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாத ஓராண்டு போதும், ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு அந்த வாசல் சாத்தப்பட்டுவிடும். சாத்தப்பட்டது என்பதுகூட அவர்களுக்கு இரண்டாண்டு கழித்துத்தான் தெரியவரும்.

இதோடு சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கான சான்றிதழை 1989 முதல் தாசில்தார் வழங்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு இது, நியாயம் உண்டு. ஆனால் மலையிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் கூலி நாள். கல்லூரிக் கலந்தாய்வு நடக்கும் வாரத்தில்தான் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது என்றால், அந்த ஆண்டு போனது போனதுதான். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளியின் பொறுப்பில் முடித்துவைக்க வேண்டிய காரியம் இது.

*

மலைப்பிள்ளைகளால் இந்த வேலைகளைச் செய்ய முடியுமா என்ற ஐயத்தை இன்னும் சிலர் தணிந்த குரலில் எழுப்புகிறார்கள். அதற்கு விடை முப்பதாண்டுக்கு முன்பே, இதே மலையாளி மக்களிடமிருந்தே வந்துவிட்டது.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலான பள்ளத்தாக்கு சிட்லிங்கி. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். செவிலியர் கிடைக்கவில்லை; வெளியூரிலிருந்து யார் வருவார்கள்? உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அவர்களே கற்றுக்கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, ரத்தம் சோதிப்பது, அறுவை அரங்கில் உதவுவது என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் கற்றார்கள். கிராமங்களில் மூத்த பெண்கள் சுகாதாரத் துணையாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். தொடங்கிய காலத்தில் அப்பள்ளத்தாக்கில் ஆயிரம் பிறப்புக்கு 147 என்றிருந்த சிசு மரணம் பின்னர் இருபதை ஒட்டி இறங்கியது என்று அவர்களுடைய பதிவுகள் சொல்கின்றன. மருத்துவர்கள் இருவர், அந்த எண்ணை இறக்கிய கைகளில் பெரும்பாலானவை மலைப்பெண்களின் கைகள்.

நீலகிரியின் கூடலூரிலும் இதுவே நடந்தது. 1980களின் நடுவில் பழங்குடிகளின் நில உரிமைக்காகத் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் தொடர்ச்சியாக, 1990இல் அஸ்வினி என்ற சுகாதாரச் சங்கம் உருவாயிற்று. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பெண்கள் செவிலியராகப் பயிற்சி பெற்று அந்த மருத்துவமனையை நடத்துமளவுக்கு வளர்ந்தார்கள். இன்னும் பின்னால் போனால் வேலூர். 1900இல் சிறு மருந்தகமாகத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியர் கல்லூரி வந்தது. பெண்கள் வீட்டுப்படி தாண்டுவதே அரிதாயிருந்த நாளில், பயிற்சி பெற்ற ஆள் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை; கையருகே இருந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் இந்த முன்மாதிரிகளைக் கொண்டாடுவதோடு நின்றுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கேதான் எனக்கு மாறுபாடு. ஒரு மருத்துவமனை தன் வளாகத்துக்குள் கொடுக்கும் பயிற்சி, எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் தகுதி ஆகாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்துத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர் மட்டுமே செவிலியர். நோயாளியின் பாதுகாப்புக்கு இந்தச் சட்டம் தேவை. அதன் விளைவு என்னவென்றால், வளாகத்துக்குள் மட்டுமே பயின்ற பெண்ணின் திறமைக்கு அந்த வளாகத்தின் மதில்தான் எல்லை. மருத்துவர் நல்லவர் என்றால் அவள் வாழ்வு நன்றாக இருக்கும். வேறு ஊருக்கு மணமாகிப் போனால் அவளுடைய பத்தாண்டு அனுபவத்துக்கு மதிப்பில்லை. இதே இடைவெளியில்தான் சமவெளி நகரங்களில் ஆறுமாத நர்சிங், ஓராண்டு நர்சிங் என்று பலகை மாட்டிய கடைகள் முளைக்கின்றன. மலைக்குடும்பம் கடன் வாங்கிக் கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் சான்றிதழ் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வேலை கிடைக்கும், ஆயாவின் சம்பளத்தில்.

அங்கீகாரம் பெற்ற ஏணி காகிதத்தில் இருக்கிறது. கலைப்பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் இரண்டாண்டு துணைச் செவிலியர் படிப்பில் சேரலாம். அதை முடித்துப் பதிவு செய்தவர் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். பட்டயம் முடித்தவர் இரண்டாண்டு படித்துப் பட்டம் பெறலாம். கூட்டிப் பாருங்கள், ஏழாண்டு. உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைக்கு அதே பட்டம் நான்காண்டில் கிடைத்துவிடும். துணைச் செவிலியராகப் படித்த இரண்டாண்டும், நூறு பிரசவம் பார்த்த அனுபவமும், அடுத்த மூன்றாண்டில் ஒரு மாதத்தைக்கூடக் குறைப்பதில்லை. ஒவ்வொரு தளத்திலும் தரையிலிருந்தே ஏறச் சொல்லும் வீட்டை யார் மாடிவீடு என்று ஒப்புக்கொள்வார்கள்? வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்குப் போன பெண் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வருவாள் என்று எதிர்பார்ப்பது, ஏறாதே என்று சொல்வதன் மரியாதையான வடிவம்தான்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிலிப்பைன்ஸின் லெய்தே தீவில், அந்நாட்டுப் பல்கலைக்கழகம் 1976இல் ஒரு சுகாதார அறிவியல் பள்ளியைத் தொடங்கியது. ஊர்மக்களே தங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். எல்லோரும் முதலில் மருத்துவச்சியாகப் பயில்வார்கள். ஊருக்குத் திரும்பி வேலை செய்வார்கள். நன்றாகச் செய்தவரை ஊர் மீண்டும் பரிந்துரைத்தால் செவிலியர் படிப்பு. மேலும் ஏறினால் மருத்துவர். ஒரு படியில் கற்றது அடுத்த படிக்கு அடித்தளம். எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தகுதியும் ஒரு வேலையும் உண்டு. அந்த ஏணியின் உச்சி திறந்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

ஏனென்றால், இந்தப் பேச்சை எடுக்கும்போது தமிழ்நாட்டில் ஒரு பழைய நிழல் குறுக்கே விழும், விழவும் வேண்டும். 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராசர் பதவிக்கு வந்ததும் கைவிடப்பட்ட திட்டம் அது. ராஜாஜி இதே சேலத்தின் நகராட்சித் தலைவராக இருந்து பொதுவாழ்வில் வளர்ந்தவர் என்பதும் நினைவில் வருகிறது. அன்றிலிருந்து, பள்ளியோடு தொழிலைச் சேர்த்துப் பேசும் எவரையும் தமிழ்ச் சமூகம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. அந்தச் சந்தேகம் ஆரோக்கியமானது என்பது என் கருத்து.

மலைப்பிள்ளைக்கு மட்டும் ஏன் நர்ஸ் வேலை, லேப் வேலை? மான்ஃபோர்ட் மாணவனிடம் போய் நீ எக்ஸ்ரே எடுக்கப் படி என்று யாராவது சொல்வார்களா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. என் விடை இதுதான். உச்சி மூடிய ஏணி குலக்கல்வியின் மறுபதிப்பு. உச்சி திறந்த ஏணி அப்படியன்று. துணைச் செவிலியரான பெண் பட்டம் பெற முடிந்தால், பட்டம் பெற்றவள் மருத்துவராகவோ பேராசிரியராகவோ ஆக ஒரு வழி இருந்தால், முதல் படியை யாரும் சிறைச்சாலை என்று சொல்ல முடியாது. அந்த வழி இல்லாமல் கீழ்ப்படிகளை மட்டும் மலையில் கொண்டுபோய் நடுவதாக இருந்தால், எதிர்ப்பவர்களின் பக்கம்தான் நானும் நிற்பேன். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பிள்ளைகளைத் தரம்பிரித்து, இவருக்கு அறிவியல், இவருக்குக் கைத்தொழில் என்று பங்கிடுவதையும் ஏற்க முடியாது. மலைப்பள்ளியில் தேவைப்படுவது முழுமையான அறிவியல் பிரிவு. தொழில் அறிமுகம் அதற்கு மேல் வரட்டும்.

அடுத்து சம்பளம். இதைப் பேசாமல் வழிகாட்டுதல் பற்றிப் பேசுவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015இல் தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் பணி நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். போட்டித் தேர்வில் வென்றவர்களின் நிலை அது. தனியார் மருத்துவமனைகளின் நிலையைப் பற்றி உச்சநீதிமன்றம் 2016இல் கவலைப்பட்டு, அதன்பின் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் உள்ள தூரத்தைச் செவிலியர் இருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பனியன் கம்பெனியில் கிடைக்கும் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு நான்காண்டு படி என்று ஒரு மலைப்பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வது?

படித்தவர்கள் மலைக்குத் திரும்புவார்களா என்பது மூன்றாவது கேள்வி. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பகுதியில் மோஸ்வோல்டு என்ற ஒதுக்குப்புற மருத்துவமனை 1990களின் இறுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனையே பள்ளிகளுக்குப் போய் இந்த வேலைகளைப் பற்றிச் சொல்லும். ஆர்வமுள்ள பிள்ளைகள் சில நாட்கள் மருத்துவமனையில் தன்னார்வமாக வேலை செய்து பார்ப்பார்கள். தேர்வானவரின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வார்கள். படித்த ஆண்டுகளுக்கு ஈடான ஆண்டுகள் திரும்பிவந்து வேலை செய்ய வேண்டும். பின்னர் பல மருத்துவமனைகளுக்கு இது விரிந்தது. ஊர்ப்புறத்தில் பிறந்தவர்களே ஊர்ப்புறத்தில் தங்கி வேலை செய்ய வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சொல்லியிருக்கிறது.

எனினும் மலைப்பிள்ளை மலைக்கே கடன்பட்டவள் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. கேரளத்துச் செவிலியர்கள் ஜெர்மனிக்கும் வளைகுடாவுக்கும் போனபோது அவர்களின் வீடுகள் ஓட்டிலிருந்து காங்கிரீட்டுக்கு மாறின. அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. படிப்புச் செலவை ஏற்றதற்கு ஈடாகச் சில ஆண்டுப் பணி என்பது நியாயமான ஒப்பந்தம். அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் சொந்த மலையில் நிரந்தரப் பணியிடம் என்ற உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். அதன்பின் தங்குவதும் போவதும் அவள் விருப்பம். தங்க வைக்க வேண்டுமென்றால், மருத்துவர்களுக்குச் செய்வதைச் செய்யட்டும். கிராமப்புறத்திலும் மலையிலும் பணிசெய்த அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநிலங்கள் தனி இடம் ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் நம் மாநிலத்து மருத்துவர்கள். மலையில் ஐந்தாண்டு பணிசெய்த துணைச் செவிலியருக்கு, ஊதியத்தோடு கூடிய விடுப்பில், பட்டப் படிப்பில் ஓர் இடம் என்பதை அதே நியாயத்தால் கேட்கலாம். அவர்களுக்காக அதைக் கேட்கும் சங்கம் இன்னும் வலுவாக எழவில்லை.

ஏற்காட்டில் செய்யக்கூடியவை மிகப் பெரிய காரியங்கள் அல்ல. ஒண்டிக்கடையைத் தொட்டுப் போகும் மலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்காடு அரசு மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறை அழைத்துப்போய், நோயாளியாக அல்லாமல் பார்வையாளராக அந்தக் கட்டடத்தின் உள்ளே நடக்கவிடலாம். உருப்பெருக்கியில் தன் ரத்த அணுவைப் பார்த்த பிள்ளைக்கு லேப் டெக்னீஷியன் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியிலாவது உயிரியல் பிரிவும் அதன் எல்லா ஆசிரியர்களும் எந்த ஆண்டும் தடைபடாமல் இருப்பதை உறுதிசெய்யலாம். சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் மலைப்பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு மாதம் மருத்துவ ஆங்கிலம் சொல்லித்தந்தால், முதலாண்டில் படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் குறைவார்கள். பாடம் புரியாமல் அல்ல, பாடத்தின் மொழி புரியாமல்தான் பலர் திரும்பி வருகிறார்கள். 2022இல் வந்த நான் முதல்வன் திட்டமும், கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024இல் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் இந்தத் திசையில் போடப்பட்ட கற்கள். இடையில் உள்ள பள்ளங்களை மலைக்கேற்ப நிரப்ப வேண்டியிருக்கிறது.

பணக்கார நாடுகளும் இந்த வழியைத்தான் நாடுகின்றன. அமெரிக்காவில் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 2024 ஜனவரியில் 25 கோடி டாலர் ஒதுக்கி, பத்துப் பகுதிகளில் உயர்நிலைப் பள்ளிகளை மருத்துவமனைகளோடு நேரடியாக இணைக்கும் முயற்சியை அறிவித்தது. அங்கே ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணம். இங்கே ஆளும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது.

நம் இலக்கியத்தில் மலையைப் பற்றி எழுதப்பட்டவற்றை நினைத்துப் பார்க்கிறேன். வால்பாறை எஸ்டேட்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் நமக்கு வந்தது. அதை மறக்க முடியாதவர்கள் இங்கே பலர். அதில் மருத்துவர் கீழிருந்து மேலே வருகிறார். மலையில் இருப்பவர்கள் நோயாளிகள். நம் கற்பனையிலும் நெடுநாளாக இந்த ஏற்பாடுதான் நிலைத்திருக்கிறது: வைத்தியம் மேலேறி வரும், நோய் மேலே காத்திருக்கும்.

எந்தத் திட்டத்துக்கும் ஓர் உரைகல் வேண்டும். இதற்கு எளிதான ஒன்று இருக்கிறது. இன்னும் பத்தாண்டு கழித்து ஏற்காட்டு அரசு மருத்துவமனையின் பணியாளர் பட்டியலையும் மலையின் துணை சுகாதார நிலையங்களின் பட்டியலையும் யாராவது எடுத்துப் பார்க்கட்டும். அதில் எத்தனை பேர் சேர்வராயன் மலைக்கிராமங்களில் பிறந்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் துப்புரவு, காவல் வேலைகளுக்கு மேலே இருக்கிறார்கள், எத்தனை பேர் சேர்ந்த பதவியிலிருந்து ஒரு படியாவது உயர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணட்டும். மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால், முதல் இரண்டு எண்களைக் காட்டி விழா எடுக்க வேண்டாம்.